சத்தம் வந்தால்தான் முகம்

காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் இருக்கும் கேமராவை நோக்கிப் பத்து விரல்களையும் விரிக்கிறார், மடக்குகிறார், கோத்துப் பிரிக்கிறார், காற்றில் ஒரு முடிச்சைப் போட்டு உடனே அவிழ்க்கிறார். வாய் திறப்பதில்லை. கிளை அலுவலகம் வரை போய்த் திரும்பி வரும் அவருடைய பிம்பம், எதிரே பெரிய திரையில், அதே முடிச்சைச் சற்றுப் பின்தங்கிப் போட்டு அவிழ்க்கிறது. விரலின் விளிம்பு கலங்காமல் தெரிந்தால் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போவார். கலங்கினால் "ம்ஹும்" என்று மேசைக்கடியில் குனிந்துவிடுவார். காணொளிக் கூட்டங்களுக்குக் கருவி பூட்டும் இந்த வேலையில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்திச் சோதிப்பார்கள். இவர் விரலால் சோதிக்கிறார்.

தேநீர் கொண்டுவருகிற பெண்மணி தட்டோடு வாசலில் நின்று இந்தக் காட்சியைப் பார்ப்பார்.

"மாவு பிசைஞ்சு முடிச்சிட்டீங்களா அண்ணே? கப்பை வைக்கலாமா?"

கேள்வி முடிந்தபின் ஒரு மூச்சு விடும் நேரம் போகும். பிறகுதான் பதில் வரும்.

"இன்னும் ரெண்டு பேர் பாக்கிம்மா."

பேர் என்று அவர் சொன்னது நாற்காலிகளை.

அந்த ஒரு மூச்சு இடைவெளியால்தான் அலுவலகத்தில் அவருக்கு லேட்டன்சி என்று பெயர் வந்தது. ஒரு முனையில் பேசியது மறுமுனைக்குப் போய்ச் சேர ஆகும் தாமதத்துக்கு அவர்கள் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். காணொளிக் கூட்டங்களிலேயே வயது கழிந்த மனிதர். எதிராளி பேசி முடித்துவிட்டாரா, இல்லை குரல் இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறதா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்க்கும் பழக்கம் ஊறிப்போய்விட்டது. முழங்கால் முழங்காலோடு இடிக்க உட்கார்ந்து பேசினாலும் பொறுத்துத்தான் பார்ப்பார். அவசரக்காரர்கள் அந்த இடைவெளியில் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். இவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருப்பார். இருவரும் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க." "இல்லல்ல, நீங்க சொல்லுங்க." ஒரே அறைக்குள் இருந்துகொண்டே இரண்டு கண்டங்களுக்கு நடுவே பேசுகிற அனுபவம் வேண்டுமென்றால் அவரிடம் போய் மணி என்ன என்று கேட்டால் போதும்.

எங்கள் நிறுவனத்துக்குப் பல ஊர்களில் கிளைகள். மாடியில், கோடியில் இருக்கும் குளிரூட்டிய அறையிலிருந்து அந்தக் கிளைகளை எல்லாம் ஒரு திரைக்குள் கூட்டி வருவது அவர் வேலை. வந்தவர்கள் பேசுவதைக் குறிப்பெடுத்துச் சுருக்குவது என் வேலை. ஆகவே ஒரே மேசையின் இரண்டு ஓரங்களில் வெகுகாலமாக உட்கார்ந்து வருகிறோம். கூட்டம் நடக்கும்போது அவர் கேமராவின் கண்ணில் படாத மூலையில் இருப்பார். ஆனால் உடுத்துவது என்னவோ கேமராவுக்காகத்தான். கட்டமோ கோடோ இல்லாத மங்கலான நீலச் சட்டை, வருஷம் முழுக்க. "கோடு போட்ட சட்டை திரையில நெளியும் சார். வெள்ளை போட்டீங்கன்னா கேமரா உங்க சட்டையைப் பாத்து மிரண்டுபோய் மூஞ்சியைக் கறுப்பாக்கிடும்." எங்கள் அலுவலகத்தில் ஒரு கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளையின் கோட்டைப் பார்த்து அவர் சொன்ன வாழ்த்து, "நல்ல துணி, ஆனா ஸ்க்ரீன்ல ஆடும்" என்பது.

கேட்காமலே பாடம் நடத்துவார். இந்தத் துறையின் தரவிதிகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள். "எச் முன்னூத்தி இருபத்திமூணு" என்று அவர் சொல்வது, நாம் பழைய வீட்டின் கதவிலக்கத்தைச் சொல்வது போலிருக்கும். கணக்குப் பிரிவு அம்மா ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"அது என்ன சார், எப்பப் பாத்தாலும் கோடெக், கோடெக்னு? ஏதோ இருமல் மருந்து பேரு மாதிரி."

ஒரு மூச்சு.

"வீட்டுல மெத்தை இருக்குல்ல? அப்படியே தூக்கிட்டு மாடிப்படி ஏற முடியுமா? சுருட்டிக் கட்டி, மேல கொண்டுபோய், பிரிச்சு விரிக்கணும். இந்தப் பக்கம் சுருட்டறவனும் அந்தப் பக்கம் பிரிக்கறவனும் சேந்ததுதான் கோடெக். வழி குறுகலா இருந்தா இறுக்கிச் சுருட்டணும். இறுக்கினா ஒரு மூலை கசங்கும். போன வாரம் உங்க மேனேஜர் மூஞ்சி கட்டம் கட்டமா வந்துச்சே, அது கசங்கின மூலை."

"அவரு நேர்லயும் அப்படித்தான் சார் இருக்காரு."

இதற்கு அவர் சிரிக்கவில்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அதுதான் அவருக்குப் பிடித்த பாடம்.

"ரெண்டு பெட்டி லைன்ல சேந்த உடனே பேச ஆரம்பிச்சிடாதும்மா. முதல்ல விசாரிச்சுக்கும். உனக்கு என்னென்ன புரியும்? எனக்கு இதெல்லாம் புரியும். சரி, ரெண்டு பேருக்கும் பொதுவா எது புரியுதோ அதுல பேசிக்கலாம். பெரிய பெட்டி, சின்னப் பெட்டிக்காக இறங்கி வரும். வேற வேற கம்பெனிக்காரன் செஞ்சது. ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு பாத்தது கிடையாது. ஆனா அந்த மரியாதை இருக்கு. அதுக்குப் பேர்தான் ஸ்டாண்டர்டு."

பலமுறை கேட்டதால் எங்களுக்கு இது மனப்பாடம். அவர் சொல்லும்போதே நாங்களும் முணுமுணுத்துக் கூடவே போவோம், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி. மரியாதை என்ற சொல்லில் மட்டும் அவர் குரல் ஒரு படி இறங்கும். அந்த இறக்கம் எங்களில் ஒருவருக்கும் வராது.

பல ஊர்கள் ஒரு கூட்டத்தில் சேரும்போது திரையில் யாரைக் காட்டுவது என்பது இந்தத் தொழிலின் பெரிய சச்சரவு. இரண்டு வழிகள் உண்டு. எல்லாரையும் சின்னச் சின்னக் கட்டங்களில் பக்கம் பக்கமாக வைக்கலாம். அல்லது எந்த ஊரிலிருந்து சத்தம் வருகிறதோ அந்த ஊருக்கு முழுத் திரையையும் கொடுத்துவிடலாம். இயந்திரமே காதை வைத்துக் கேட்டு மாற்றிக்கொண்டிருக்கும். லேட்டன்சி நீண்டகாலம் இரண்டாவது கட்சி. முதலாவதைப் புறாக்கூண்டு என்று ஏளனம் செய்வார். "யார் பேசறாங்களோ அவங்க முகம். மத்தவங்க சும்மாத்தானே உக்காந்திருக்காங்க, அவங்களை எதுக்குப் பாக்கணும்?" எங்கள் இயக்குநருக்கும் இந்த முறை மிகவும் பிடித்திருந்தது. பேசுகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், யாரையும் கேட்காமல், எல்லாக் கூட்டங்களையும் புறாக்கூண்டுக்கு மாற்றினார். இயக்குநரின் செயலாளர் படியேறி வந்தார்.

"ஏன் சார், எங்க சாரைத் தபால்தலை சைஸுக்கு ஆக்கிட்டீங்களே?"

ஒரு மூச்சு. "எல்லாருமே அந்த சைஸ்தாம்மா."

"அதானே பிரச்சினை! அவர் பேசறவர். மத்தவங்க சும்மா உக்காந்திருக்கறவங்க. நீங்களே சொல்வீங்களே?"

"சும்மா உக்காந்திருக்காங்கன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?"

மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்தது. பணிவாகக் கேட்டுக்கொண்டார். கட்டங்களை மாற்றவில்லை. கட்சி மாறினவர்களுக்கே உரிய முரட்டுத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டேன். காரணம் அவர் வாயிலிருந்து வரப் பலநாள் ஆயிற்று. அதுவும் ஒரே மூச்சில் வரவில்லை. ஒரு மாலை கேபிள் சுருட்டும்போது பாதி, வேறொரு மாலை அதே கேபிளைச் சுருட்டும்போது மீதி.

அவருக்கு ஓர் அக்கா. பிறவியிலேயே காது கேளாதவர். அம்மாவுக்கு வீட்டு வேலை ஓயாது என்பதால் தம்பி அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தார். ஆகவே வாயால் பேசுவதற்கு முன் கையால் பேசினார். மூத்த அண்ணனுக்கும் கடைசித் தங்கைக்கும் அக்காவின் கைப்பேச்சு வா, போ, சாப்பிடு என்ற அளவோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் நடுவில் இவரைக் கூப்பிடுவார்கள். "டேய், இங்க வா, இவ என்னமோ சொல்றா."

"எங்க வீட்டுக்கு போன் வந்தப்போ எல்லாருக்கும் வந்துச்சு சார், அக்காவுக்கு மட்டும் வரல. மணி அடிச்சா நாங்க ஓடுவோம். நாங்க ஓடறதைப் பாத்து அவளும் ஓடி வருவா. வந்து, பக்கத்துல நிப்பா. அவ்வளவுதான்."

வாலிப வயதில் எங்கோ ஒரு கண்காட்சியில் இரண்டு ஊர்க்காரர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் கருவியைப் பார்த்தாராம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று வியந்தார்கள். இவர், விரல் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை, அந்தக் காலத்தில் படம் தத்தித் தத்தித்தான் வரும். முகம் தத்தினால் பரவாயில்லை, மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். விரல் தத்தினால் சொல்லே போயிற்று. என்றாவது இது சரியாகும், அன்றைக்கு இது அக்காவின் போன் என்று முடிவு செய்து இந்தத் தொழிலுக்கு வந்தார். சரியும் ஆயிற்று. தினமும் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். பேச்சு என்றால், அக்காவின் பக்கத்துப் பேச்சுதான் அதிகம். ஒரு மருந்து கம்பெனியில் வெளிச்சத்துக்கு எதிரே பாட்டில்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. "அவ கண்ணுக்குத் தப்பின தூசியே கிடையாது சார். மனுஷங்களையும் அப்படித்தான் பாப்பா. கம்பெனியில யாரு யாரோட சண்டை, மேஸ்திரி எந்தப் பொண்ணைப் பாத்து இளிச்சான், ஒண்ணு விடமாட்டா. வாயாடி."

காது கேளாத, வாய் பேசாத ஒருவரை அவர் வாயாடி என்று சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான்.

அக்கா, பெற்றோர் விட்டுப்போன வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணன் மகளுக்கு வேறு ஊரில் பிரசவமாயிற்று. அண்ணனும் அண்ணியும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். போன இடத்தில் உடனே திரும்ப முடியாது என்று ஆகிவிட்டது. வீட்டில் அக்கா தனியாக இருந்தார், சந்தோஷமாகவும் இருந்தார். அண்ணனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. அடுப்பில் எதையாவது வைத்து மறந்துவிட்டால்? யாராவது கதவை உடைத்தால்? காது கேளாதவர்களுக்கென்று ஓர் இல்லம் வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டார். நல்ல இடமாம். அங்கே சேர்த்துவிடலாமா என்று பேசி முடிவெடுக்க நால்வரும் கூடுவது என்று ஏற்பாடு. அண்ணன் தன் மகள் வீட்டிலிருந்து, தங்கை தன் வீட்டிலிருந்து, அக்கா பழைய வீட்டில் தம்பி வாங்கிக் கொடுத்திருந்த டேப்லெட்டிலிருந்து, இவர் எங்கள் அலுவலக அறையிலிருந்து. "நீதான் இதுல கில்லாடியாச்சேடா, நீயே பண்ணிடு," என்றார் அண்ணன்.

கில்லாடி பண்ணினார். நான்கு முகத்தையும் கட்டம் கட்டமாக வைத்தால் படம் சிறுக்கும், அக்காவின் விரல் தெளியாது. ஆகவே அக்காவுக்காகவே யோசித்து, பேசுகிறவருக்கு முழுத் திரை என்ற முறையைப் போட்டார். அக்கா பேசும்போது அக்கா பெரிதாக வருவார், ஒவ்வொரு விரலும் கண்ணாடி மாதிரி தெரியும்.

"அக்கா பேச மாட்டான்னு எனக்கு ஒரு நாளும் தோணினதே இல்ல சார். மிஷினுக்கு அவ பேசறது கேக்காதுன்னு எனக்கு உறைக்கவே இல்ல. அதான் தப்பாப் போச்சு."

அண்ணன் இல்லத்தைப் பற்றிச் சொன்னார். தங்கை ஆமாம் போட்டார். இவர் ஒவ்வொன்றையும் வாயாலும் கையாலும் சேர்த்தே சொல்லி அக்காவுக்குக் கொண்டுபோனார். கடைசியில் அண்ணன் கேட்டார்.

"அவ என்னடா சொல்றா?"

இவர் அதையும் இரண்டு விதத்திலும் கேட்டுவிட்டு, தன் வழக்கப்படி பொறுத்திருந்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே பொறுத்திருந்தாராம். அண்ணன் தோளில் கிடந்த குழந்தை அப்போது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சத்தம் போட்டது அது. திரை அதற்குப் போயிற்று. குழந்தையின் சிவந்த முகமும் அண்ணனின் காதும் சுவர் முழுக்கத் தெரிந்தன. அக்காவின் படம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. ஆயிரம் கூட்டம் நடத்தினவருக்குப் படம் வரவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான்: அந்த முனையில் யாரும் பேசவில்லை.

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"அப்போ சரிங்கறான்னு அர்த்தம்."

"பாவம், அவ எப்பவுமே விட்டுக் கொடுக்கறவதானே," என்றார் தங்கை.

அந்த முனையில் என்ன நடந்தது என்பது இவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா இரண்டு கையாலும் வேண்டாம், வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன், என் வேலை இங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டேப்லெட்டில் தம்பியின் முகம் வந்தது. படத்தைப் பார்க்காதீர்கள், லென்ஸைப் பாருங்கள், அப்போதுதான் எதிராளிக்குக் கண்ணோடு கண் தெரியும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற தம்பி. அக்காவின் கண்ணை நேராகப் பார்த்து, கையாலும் வாயாலும் தெளிவாகச் சொன்னார்: ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா வேலையை விட்டார். கொண்டுபோய்ச் சேர்க்கத் தம்பிதான் கூடப் போனார். வழியெல்லாம் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இல்லத்தின் வாசலில் பெட்டியைக் கீழே வைத்தார், சொல்லவேண்டியதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "நான் வேண்டாம் என்றேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் சொல்லவில்லை என்றாய்." பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு இவர் ஊர் திரும்பினார். மறுநாள் காலை இங்கே வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்து விரலை விரித்தபோதுதான் புரிந்ததாம்.

அன்றே அக்காவுக்கு எழுதினார். சத்தத்தை வைத்து முனை மாறும் விதம், எவ்வளவு சத்தம் எவ்வளவு நேரம் இருந்தால் மாறும், பின்னணிச் சத்தத்தை இயந்திரம் ஏன் பிரித்தறியாது, எல்லாம். எனக்கும் காட்டினார். அவர் ஆயுளில் செய்த விளக்கங்களிலேயே தெளிவானது அதுதான். மெத்தை உவமைகூட இல்லை. நிறுவனங்கள் "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஒரே வரியில் முடிப்பதை, முழு மனதோடு விரித்து எழுதியிருந்தார். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அதன்பிறகு என்ன எழுதினாலும் கட்டைவிரல்தான். காணொளியில் கூப்பிட்டால் அக்கா மறுப்பதில்லை. வருவார், உட்காருவார், தம்பியின் முகத்தைப் பார்ப்பார். கை இரண்டும் மடியில் கிடக்கும். இவர் சாப்பாடு, தூக்கம், மழை, எங்கள் இயக்குநரின் கோபம் எல்லாவற்றையும் சொல்லி ஓய்ந்ததும் எழுந்து போய்விடுவார். "படம் அருமையா வருது சார். ஒரு புள்ளிகூடக் கலங்கறதில்ல. அவ கையில நரம்பு தெரியுது. கைதான் அசையல."

அண்ணன் வீடு திரும்பியதும் இவர் பிடிவாதம் பிடித்தார்: அக்காவைத் திரும்பக் கேட்கவேண்டும், அக்கா சொன்னால் திரும்ப அழைத்து வரவேண்டும்.

"முடிஞ்சுபோனதை எதுக்குடா கிளறறே?"

"முடியலண்ணே. நாம இன்னும் கேக்கவே இல்ல."

ஒரு சனிக்கிழமை பிற்பகல். விடுமுறை நாளில் கருவி அறையைத் திறந்தால் ஊழியர் இருவர் இருக்கவேண்டும் என்பது அலுவலக விதி. இரண்டாவது ஊழியராக நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நான்கு கட்டங்கள். நான்கும் ஒரே அளவு. அண்ணன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. தங்கை, அழத் தயாராக. இல்லத்தில் அக்கா, பக்கத்தில் பொறுப்பாளர் அம்மா. நான்காவது கட்டத்தில் லேட்டன்சி. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அக்கா உயரமாக, நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவராக இருந்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்வையிட்டார், பாட்டிலைப் பார்ப்பது போல. தன் கட்டத்துக்கு வந்ததும் ஒரு விரலைத் தூக்கிப் பார்த்தார். திரையில் அவர் விரலும் உயர்ந்தது. இறக்கிக்கொண்டார்.

"நீயே கேட்டுச் சொல்லேன்டா. உனக்குத்தானே அவ பாஷை தெரியும்?"

ஒரு மூச்சு. "வேண்டாம்ணே. மேடம் கேப்பாங்க. நான் ஒரு தடவை சொன்னது போதும்."

பொறுப்பாளர் அம்மா கேட்டார். அக்காவின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. வேகமான, கூர்மையான கைகள். இடையில் புருவம், தோள், கன்னம் எல்லாம் சேர்ந்து பேசின. வாயாடிதான், சந்தேகமில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் வழக்கப்படி பொறுப்பாளர் அம்மா "நான்" என்றே சொன்னார்.

"நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரல."

"உன் ரூம் அப்படியே இருக்குன்னு சொல்லுங்க மேடம்," என்றார் அண்ணன்.

"ரூம் இருக்கட்டும். இங்க சாப்பிடற மேசையில நெறைய பேர் ஒரே நேரத்துல பேசறாங்க. எனக்கு எல்லாமே புரியுது. அந்த வீட்டுல நீங்க எல்லாரும் சிரிச்சப்புறம்தான் நான் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாம. இங்க நான்தான் முதல்ல சிரிக்கறேன். வேலை போனதுக்கு மட்டும் மனசு ஆறல. மத்தபடி நான் இங்கயே இருக்கேன்."

அண்ணனின் முகம் மலர்ந்ததைச் சின்னக் கட்டத்திலும் பார்க்க முடிந்தது.

"அப்பாடா! அப்போ அன்னைக்கு நாம எடுத்த முடிவு சரியாத்தானே இருந்திருக்கு? இதுக்குப் போய் இவன் இத்தனை நாளா சோறு தண்ணியில்லாம கிடந்தான்!"

அக்காவின் கைகள் மறுபடி எழுந்தன. இந்தத் தடவை கொஞ்சமாகவும் மெதுவாகவும். பொறுப்பாளர் அம்மா அவரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், தயங்கினார்.

"சொல்லுங்க மேடம்," என்றார் லேட்டன்சி. எனக்குத் தெரிந்து, இடைவெளி விடாமல் அவர் பேசியது அப்போதுதான்.

"முடிவு சரி. ஆனா அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேன். அதை இப்பவாவது கேட்டுக்குங்க."

தங்கை "கேட்டுட்டோம்க்கா" என்று சொல்லிவிட்டு, அதைக் கையால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கியபடி அழுதார். அண்ணன், நல்லா இருந்தா சரி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க என்று சொல்லிக் கட்டத்திலிருந்து மறைந்தார். சற்று நேரத்தில் தங்கையும் போனார். பொறுப்பாளர் அம்மா அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா தலையசைத்தார், ஆம் என்றா இல்லை என்றா என்று எனக்கு விளங்கவில்லை.

"தம்பிகிட்ட ஏதாவது பேசணுமான்னு கேட்டேன் சார். நான் கொஞ்சம் உள்ள போய்ட்டு வரேன். லைன் இருக்கட்டும்."

மற்ற கட்டங்கள் போனதால் மிச்சமிருந்த ஒன்று தானாகவே விரிந்து சுவர் முழுக்க நிறைந்தது. அக்கா. கைகள் திரும்ப மடிக்குப் போய்விட்டன. கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

லேட்டன்சியின் கைகள் நெஞ்சுயரத்துக்கு எழுந்தன. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து விளக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். விரல்கள் விரிந்தன, ஒரு சொல்லின் பாதி வரை போயின, அங்கேயே நின்றன. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், முழங்கால் வரை படத்தில் வரும்படியாக. பிறகு கைகளை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்து, அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.